பிரதாப் போத்தன்: 12 படம் இயக்கியும் ‘பிரதாப் படம்’ என்று ஒன்று ஏன் இல்லை?

கொட்டகைமணி:

கேள்வியை நேராகவே வைக்கிறேன். 1985-இல் ‘மீண்டும் ஒரு காதல் கதை’. 1997-இல் மலையாளத்தில் ‘ஒரு யாத்ராமொழி’. இடையில் பத்துப் படங்கள். தமிழில் எட்டு, மலையாளத்தில் மூன்று, தெலுங்கில் ஒன்று. கமல், சத்யராஜ், பிரபு, ராம்கி, நெப்போலியன், கார்த்திக், நாகார்ஜுனா, மோகன்லால், கடைசியில் சிவாஜி. இத்தனை பேரை இயக்கிய ஒருவரை நம் ஆட்கள் இன்றைக்கும் ‘மூடுபனி நடிகர்’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். 2022 ஜூலையில் அவர் மறைந்தபோது என் கண்ணில் பட்ட அஞ்சலிப் பதிவுகளில் பெரும்பாலானவை கிதாரும் கையுமாக ‘என் இனிய பொன் நிலாவே’தான்.

பாக்யராஜ் படம் என்றால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டி.ராஜேந்தர் படம், பார்த்திபன் படம், பாண்டியராஜன் படம், எல்லாவற்றுக்கும் ஒரு ருசி உண்டு. பிரதாப் படம் என்றால்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அவர் திறமைக் குறைவா, நம் பார்வைக் குறைவா? படம் பார்த்தவர்கள் மட்டும் எழுதுங்கள். பட்டியலை இணையத்தில் எடுத்து ஒட்ட வேண்டாம்.

செல்லூரான்:

மணி அண்ணே, இதுக்கு எதுக்கு இம்புட்டு பீடிகை. ‘வெற்றிவிழா’ ஒண்ணு போதாதா? 1989 தீபாவளி. கமலும் பிரபுவும் ஒரே படத்துல, சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு, வில்லன் சலீம் கௌஸ். அந்த ஜிந்தா மாதிரி ஒரு வில்லன் அதுக்கு முன்னாடி தமிழ்ல வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. கத்தாம, மீசையை முறுக்காம, சிரிச்ச முகமா கொலை பண்ணுவான். எங்க பக்கத்துல பசங்க கொஞ்ச நாள் அவன மாதிரியே பேசிட்டுத் திரிஞ்சானுக. ‘மாறுகோ மாறுகோ’ போட்டா இப்பவும் கல்யாண வீட்டுல ஆடுறாய்ங்க. இதுக்கு மேல ஒரு டைரக்டருக்கு என்ன வேணும்?

எடிட்மேசை:

> இதுக்கு மேல ஒரு டைரக்டருக்கு என்ன வேணும்?

பேர் வேணும் தோழர். ‘வெற்றிவிழா’ன்னா நீங்களே முதல்ல சொன்னது கமல், பிரபு, கம்பெனி, வில்லன், பாட்டு. இயக்குநர் பேர் உங்க பதிவுல ஒரு இடத்துலகூட இல்ல. மணி கேட்டதும் அதைத்தான்.

கதையும் அவர் கதை கிடையாது. ராபர்ட் லட்லமோட ‘போர்ன் ஐடென்டிட்டி’ நாவல்தான் அடிப்படை. ஞாபகம் போன ஒருத்தன், தான் யாருன்னு தேடிப் போறான். ஹாலிவுட்ல மேட் டேமன் அதைப் பண்ணது 2002-ல. நம்ம ஆளு 13 வருஷம் முன்னாடியே பண்ணிட்டாருன்னு பெருமைப்படலாம், தப்பில்ல. ஆனா அதை இயக்குநரோட முத்திரைன்னு சொல்ல முடியாது. அடுத்த வருஷம் அதே கம்பெனிக்கு ‘மை டியர் மார்த்தாண்டன்’. அது எடி மர்ஃபியோட ‘கமிங் டு அமெரிக்கா’. ‘லக்கி மேன்’ தெலுங்கு ‘யமலீலா’. கவுண்டமணி எமனா வந்து ரகளை பண்ணுவாரு, எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேற.

நான் கொஞ்ச காலம் இந்தத் தொழில்ல உதவியாளா சுத்தினவன். அங்க ஒரு பேச்சு உண்டு: குடுத்த வேலையை சுத்தமா முடிச்சுத் தர்ற டைரக்டர். அது பாராட்டுதான். ஆனா அப்படிப் பேர் வாங்கினவருக்கு ரசிகர் மன்றம் இருக்காது.

மலபார்மழை:

நீங்கள் எல்லோரும் 1989-இல் ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ‘ருதுபேதம்’ வந்தது. மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் திரைக்கதை. ஒரு தமிழ் நடிகராக மட்டும் அவரை நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது. திருவனந்தபுரத்துக்காரர், அண்ணன் ஹரி போத்தன் மலையாளத்தில் பெயர் பெற்ற தயாரிப்பாளர், பிரதாப்பை சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் மலையாள இயக்குநர் பரதன். சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் ஆங்கில நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து 1978-இல் ‘ஆரவம்’ படத்தில் போட்டார். மறு வருடமே ‘தகரா’. புத்தி வளராத இளைஞன் வேடம். இன்றும் கேரளத்தில் ‘தகரா’ என்றால் அவர் முகம்தான்.

எம்.டி. எழுத்தை ஒரு இளம் இயக்குநர் கையில் நம்பிக் கொடுக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் படத்துக்காகத்தான் திலகனுக்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. திலகனின் எத்தனையோ பெரிய வேடங்கள் நமக்கு நினைவிருக்கின்றன, ஆனால் தேசிய விருது வந்தது பிரதாப் படத்துக்கு. இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

வெண்திரை2000:

எனக்கு இவர் ‘ஆயிரத்தில் ஒருவன்’ல வர்ற தொல்லியல் ஆராய்ச்சியாளர்தான் 😅 காணாம போற அப்பா கேரக்டர். டைரக்டர்னே இந்த இழையைப் பாத்துதான் தெரியும். வெற்றிவிழா இவரா?! டிவில எத்தன தடவ பாத்திருக்கேன்.

ஒரு டவுட்: முதல் படத்துக்கு தேசிய விருதுன்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?

கொட்டகைமணி:

நிஜம். அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கு இந்திரா காந்தி பெயரில் கொடுக்கும் தேசிய விருது. அதற்கு முந்தைய வருடம் அதே விருதை வாங்கியவர் குந்தன் ஷா, ‘ஜானே பி தோ யாரோ’வுக்காக. அந்த வரிசையில் அடுத்த பெயர் பிரதாப்.

‘மீண்டும் ஒரு காதல் கதை’யில் ராதிகாவும் அவருமே நடித்தார்கள். மன வளர்ச்சி குன்றிய இரண்டு பேர் காதலிக்கிறார்கள், குடும்பம் நடத்த ஆசைப்படுகிறார்கள். 85-இல் இந்தக் கதையைத் தமிழில் யோசித்ததே துணிச்சல். நான் பார்த்தது பல வருடம் கழித்து, மங்கிப்போன ஒரு பிரதியில். ராதிகாவின் நடிப்பைப் பற்றி மட்டும் தனி இழை போடலாம். பிரதாப் தன் நடிப்பை விட அவருக்குத்தான் அதிக இடம் விட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

பழையவீடியோ:

ராதிகான்னதும் ஞாபகம் வருது, அவங்க கல்யாணம் அப்போ என்னதான் நடந்துச்சுன்னு…

நெறியாளர்:

வேண்டாம். படங்களைப் பற்றி மட்டும். மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது.

ராகப்பித்து:

இயக்குநர் முத்திரை என்று கேட்டால் என் காது ஒன்று சொல்கிறது. இந்த மனிதர் இளையராஜாவிடம் பாட்டு வாங்கத் தெரிந்தவர். ‘ஆத்மா’ படத்தை இன்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆனால் ‘கண்ணாலே காதல் கவிதை’ தெரியாதவர் யார்? ‘மை டியர் மார்த்தாண்டன்’ பாட்டுகளும் அப்படித்தான். ‘வெற்றிவிழா’வில் ‘பூங்காற்று உன் பேர் சொல்ல’. கமல் படத்துப் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

சொல்லப்போனால் அவர் நடிகராக இருந்தபோதும் இதே கதைதான். ‘மூடுபனி’ ராஜாவின் 100-வது படம். ‘பன்னீர் புஷ்பங்கள்’ பாட்டுகள் சொல்லவே வேண்டாம். ராஜா இசையின் பக்கத்தில் நின்றவர் முகம் நமக்கு மறக்காது.

எடிட்மேசை:

ராகப்பித்து சார், 85 முதல் 92 வரைக்கும் யார் படம் எடுத்தாலும் ராஜாகிட்ட நல்ல பாட்டு கிடைச்சுது. பொட்டிக்கடைக்காரர் படம் எடுத்திருந்தாலும் கிடைச்சிருக்கும். அதை டைரக்டர் கணக்குல எழுதாதீங்க.

ராகப்பித்து:

பாட்டு கிடைக்கும். அதைப் படமாக்கத் தெரிய வேண்டாமா? அந்தக் காலத்தில் ராஜா பாட்டை வாங்கிக் கெடுத்தவர்கள் பட்டியல் போடட்டுமா?

எடிட்மேசை:

போடாதீங்க, இழை 40 பக்கம் போயிரும். சரி, பாட்டுப் படமாக்கத்துல ஒரு விஷயம் ஒத்துக்கறேன். அவர் விளம்பரத்துறை ஆளு. நடிக்க வர்றதுக்கு முன்னாடியே மும்பைல விளம்பர வாசகம் எழுதினவர். பின்னாடி ‘கிரீன் ஆப்பிள்’னு சொந்தமா விளம்பர நிறுவனமும் வெச்சிருந்தார். 30 நொடில சங்கதியைச் சொல்லிப் பழகினவங்க எடுக்குற ஷாட்ல ஒரு சுத்தம் இருக்கும். ஃபிரேம்ல வேண்டாத பொருள் எதுவும் கிடக்காது. ‘வெற்றிவிழா’வை இப்போ நல்ல பிரதில பாருங்க, அசோக்குமார் ஒளிப்பதிவு, கேமரா ஆளுக்குப் பின்னாடியே வழுக்கிட்டுப் போகும். கேமராவை ஆட்டமில்லாம தூக்கிட்டு நடக்க உதவுற ஸ்டெடிகேம் கருவி தமிழ்ல வந்த புதுசு. அந்த நேரத்துல சண்டைக் காட்சின்னா ஜூம் போட்டு முகத்தை ஆட்டுறதுதான் வழக்கம். இவர் படத்துல யார் எங்க நிக்கிறான், எந்தப் பக்கம் ஓடறான்னு பார்க்கறவனுக்குக் குழப்பமே வராது. அது எளிசு இல்ல.

தாமிரவருணி:

அண்ணாச்சிமாரே, எல்லாத்தையும் பேசியாச்சு, ‘சீவலப்பேரி பாண்டி’ய ஒருத்தரும் தொடலியே. 1994. ஜூனியர் விகடன்ல சௌபா எழுதின தொடர். எங்க பக்கம் அதை வாரா வாரம் காத்துக் கிடந்து படிச்சாங்க, ஏன்னா அது எங்க ஆத்தங்கரைக் கதை. சீவலப்பேரி பாளையங்கோட்டைக்குப் பக்கம், சுடலைமாடன் கோயிலுக்குப் பேர் போன ஊரு.

இந்தப் படத்தை எடுக்க பிரதாப்பைக் கூப்பிட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டப்போ எங்க சித்தப்பா சிரிச்சாரு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு, கிறிஸ்தவக் கல்லூரி, இங்கிலீஷ் நாடகம், இவருக்கு அருவாளைப் பத்தி என்ன தெரியும்னு. படம் பாத்துட்டு வந்து அவரே ரெண்டாம் தடவ போனாரு.

வில்லனா மட்டும் பாத்துட்டிருந்த நெப்போலியனை ஊரே தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டது இந்தப் படத்துக்கு அப்புறந்தான். பேச்சு அங்கங்க எங்க காதுக்கு இடறும், அதை மறைக்க வேண்டாம். ஆனா பாண்டிய தெய்வமாவும் ஆக்கல, வெறும் ரவுடியாவும் விடல. ஊருக்குள்ள வளர்ந்த ஒரு டைரக்டர் எடுத்திருந்தா ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும். ஆதித்யன் இசை வேற. ‘கிழக்கு சிவக்கையிலே’ இப்பவும் எங்க பக்கம் மினிபஸ்ஸுல ஓடுது. (ராகப்பித்து அண்ணாச்சி கவனிக்க: இது ராஜா இல்ல. அப்பவும் பாட்டு நல்லாத்தான் வந்துச்சு.)

ராகப்பித்து:

கவனித்தேன். என் கட்சிக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கிறது 🙂

மலபார்மழை:

தாமிரவருணி சொன்னதில் இருந்து ஒரு நூல் பிடிக்கிறேன். ஊருக்கு வெளியே நிற்கிற ஆள். ‘வெற்றிவிழா’ நாயகனுக்குத் தன் பெயரே தெரியாது. ‘மார்த்தாண்டன்’ நகரத்துக்கு வந்து விழிக்கும் இளவரசன். ‘டெய்சி’ பள்ளி விடுதிப் பிள்ளைகளின் கதை, அவரே ஊட்டிப் பக்கம் விடுதியில் வளர்ந்தவர். ‘ஒரு யாத்ராமொழி’யில் மோகன்லால், தன் அம்மாவைக் கைவிட்டுப் போன அப்பாவைக் கொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார், அந்த அப்பாதான் தன் பக்கத்திலேயே இருக்கும் பெரியவர் சிவாஜி என்று தெரியாது. எல்லாமே தான் யார், தனக்கு யார் சொந்தம் என்று தெரியாதவர்களின் கதை. நடிகராகவும் அவர் அந்த ஆள்தானே? ‘மூடுபனி’, ‘தகரா’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’ நாடக இயக்குநர். எங்கேயும் ஒட்டாதவன்.

மணி கேட்ட ‘பிரதாப் படம்’ இதுதான் என்பேன்.

எடிட்மேசை:

அழகா இருக்கு, ஆனா நீங்க விரும்பிக் கோத்த மாலை இது. ஞாபகமறதி லட்லம் கதை. இளவரசன் எடி மர்ஃபி கதை. ‘யாத்ராமொழி’ கதை பிரியதர்ஷன், திரைக்கதை ஜான் பால். ‘ஜீவா’வையும் ‘மகுடத்தை’யும் இந்த மாலைல எங்க கோப்பீங்க? சத்யராஜ் மார்க்கெட்டுக்கு எடுத்த படங்க அவை. தெலுங்கு ‘சைதன்யா’ நாகார்ஜுனா ஆக்‌ஷன். தயாரிப்பாளர் எதைக் கொண்டுவந்தாரோ அதை எடுத்தார், நல்லா எடுத்தார். அவ்வளவுதான்.

மலபார்மழை:

கதை யாருடையது என்பது ஒன்று, எந்தக் கதைக்கு ஒருவர் ‘சரி’ சொல்கிறார் என்பது வேறு. ‘ஜீவா’, ‘மகுடம்’ என் நூலில் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 12-இல் ஏழெட்டு வந்தால் எனக்குப் போதும்.

செல்லூரான்:

நீங்க ரெண்டு பேரும் பேசுறதப் பாத்தா ‘மகுடம்’ மறுபடி பாக்கணும் போல இருக்கு. வேணாம்னு வீட்டுல சொல்றாங்க.

கொட்டகைமணி:

இவ்வளவு படித்தபின் எனக்கு ஒன்று தெளிகிறது. நான் ஒப்பிட்ட ஆட்களைப் பாருங்கள். பாக்யராஜ், டி.ஆர்., பாண்டியராஜன், பார்த்திபன். நான்கு பேருக்கும் பொதுவானது என்ன? தன்னையே நாயகனாக நிறுத்தியது. ‘வெற்றிவிழா’ வந்த அதே 1989-இல்தான் ‘புதிய பாதை’யும் வந்தது. பார்த்திபன் இயக்கி அவரே நடித்தார், ஒரே படத்தில் அவருக்கு ஊர் முழுக்க முகவரி கிடைத்துவிட்டது. நாசர்கூட ‘அவதாரம்’ எடுத்தபோது கூத்துக்காரனாக அவரேதான் நின்றார். அதற்கும் முன்னால் 1971-இல் சாவித்திரி ‘பிராப்தம்’ இயக்கியபோது நாயகியும் அவரே.

பிரதாப் தலைகீழாகச் செய்தார். நடிகராகப் பெயர் வாங்கிய ஒருவர், முதல் படத்தில் மட்டும் நாயகனாக நின்றுவிட்டு அதற்குப் பிறகு ஃபிரேமை விட்டு வெளியே போய்விட்டார். வந்த படமெல்லாம் மற்றவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த மாதிரி. திலகனுக்கு விருது. நெப்போலியனுக்கு நாயக வாழ்வு. சலீம் கௌஸுக்கு தமிழ்நாட்டில் ஒரு பெயர். கடைசிக் காலத்து சிவாஜியை ‘ஒரு யாத்ராமொழி’யில் பாருங்கள். குரலை எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கிறார்! அந்த வயதில், அந்தப் பெயரோடு இருக்கும் ஒருவரிடம் ‘ஐயா, இன்னும் கொஞ்சம் குறைத்து’ என்று கேட்க நடிப்புத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

நம் ஊரில் இயக்குநருக்கு அடையாளம் வருவது இரண்டு வழியில். ஒன்று, அவர் முகம் திரையில் தெரிய வேண்டும். இல்லையென்றால் பாரதிராஜாவுக்குக் கிராமம் போல ஒரே மண்ணை விடாமல் உழ வேண்டும். இவர் இரண்டையும் செய்யவில்லை.

எடிட்மேசை:

இது சரி. முழுசா ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சேத்துக்கங்க: சம்பாத்தியத்துக்கு அவருக்கு சினிமா மட்டும் கதி இல்ல. விளம்பரத் தொழில் இருந்துச்சு. ‘அடுத்த படமும் இதே மாதிரி எடுத்து இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கணும்’ங்கற பயம் இல்லாத ஆளு. அந்தப் பயம்தான் பாதி பேருக்கு ‘முத்திரை’யா மாறுது. வெளில சொல்ல மாட்டாங்க.

வெண்திரை2000:

97க்கு அப்புறம் ஏன் இயக்கவே இல்ல? மறுபடி ட்ரை பண்ணலயா?

மலபார்மழை:

பண்ணினார். துல்கர் சல்மானை வைத்து, அஞ்சலி மேனன் எழுத்தில் ஒரு படம் என்று அறிவிப்பு வந்தது. நான் ஆவலோடு காத்திருந்தேன். கைகூடவில்லை, அவரே விலகிவிட்டார்.

ஆனால் நடிகராகத் திரும்பிய விதம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். 2012-இல் ஒரே வருடத்தில் ‘22 ஃபீமேல் கோட்டயம்’, ‘அயாளும் ஞானும் தம்மில்’. முதலாவதில் பார்க்கவே அருவருக்கும் வில்லன். இரண்டாவதில் மலைமேல் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் சாமுவேல், பிருத்விராஜுக்குத் தொழில் தர்மம் கற்றுக்கொடுக்கும் குரு. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. இளவயதில் அவர் கண்ணை உருட்டி, குரலை நடுங்கவைத்து நடித்தவர். இதில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். 12 படம் கேமராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களைக் கவனித்ததால் வந்த மாற்றம் என்று எனக்குத் தோன்றும். எடிட்மேசை இதையும் மாலை என்பார்.

எடிட்மேசை:

இதை மட்டும் சொல்ல மாட்டேன். டாக்டர் சாமுவேலைப் பார்த்துட்டு நானும் அதேதான் நெனச்சேன்.

தாமிரவருணி:

அப்போ புதுசா பாக்கறவங்க எதுல ஆரம்பிக்கணும்? நான் பாண்டியத்தான் சொல்லுவேன், ஊர்ப் பாசம்.

கொட்டகைமணி:

வெண்திரை2000 தம்பிக்கு ‘வெற்றிவிழா’ ஏற்கெனவே தெரியும். அதனால் ‘ருதுபேதம்’ முதலில், ‘சீவலப்பேரி பாண்டி’ அடுத்து, ‘ஒரு யாத்ராமொழி’ மூன்றாவது. ‘மீண்டும் ஒரு காதல் கதை’க்கு நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படத்தை மங்கிய பிரதியில் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே திட்டிக்கொள்ளலாம்.

செல்லூரான்:

‘மகுடம்’ பாத்துட்டேன். சத்யராஜ் ரசிகனா ஒரு வார்த்தை: மலபார் அக்கா சொன்ன மாலைல இது சேராது. எடிட் அண்ணன் சொன்னது சரி. ஆனா சண்டைல யார் எந்தப் பக்கம் ஓடறான்னு எனக்கு ஒரு இடத்துலயும் குழப்பம் வரல.